பாதியான ஷாம்பு கட்டி

"முடியில பிசுபிசுப்பு போகுதேன்னு சந்தோசப்பட்டா, ரெண்டே வாரத்துல ஷாம்பு கட்டி பாதியாயிருச்சுங்க. அத்தைதான் எடுக்குறாங்க," என்று கணவனிடம் குமுறினாள் யூஜினா.

"அம்மா சீயக்காயத் தவிர எதையும் தொடமாட்டாங்களே," என்றான் றிச்சர்ட்.

மறுநாள் தேயிலைக் கொழுந்து பறித்து வந்து, தண்ணீர் எடுக்கப் போனவள், மலைநீர் கொட்டும் பீலியடியில் அத்தையைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அவர் ஒரு கையில் ஷாம்பு கட்டி. மறு கையில், கூடைக் கயிறு அழுத்தாமலிருக்க யூஜினா தலையில் போடும் துணி.

"தலைய மட்டும் கழுவி என்னம்மா? இதுல ஊறுன எண்ணெய் காலையில திரும்பவும் தலையில ஏறிருமே. அதான் தினமும் அலசி அடுப்புக்கு மேல காயப்போடுறேன்."

யூஜினா துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.

காலையில் மலையில் கூடக் கொழுந்து பறிக்கும் வினோதா கேட்டாள். "முடி பளிச்சுன்னு இருக்கே, என்ன போடுற?"

"எங்க அத்தை இருக்காங்க," என்றாள் யூஜினா.