பச்சை விளக்குக்குக் காவல்

"நெட்வொர்க் வயரே போகாத மெஷினுக்கு எதுக்கு சார் கரண்டு?"

எப்சிபா கேட்டதும் கோவர்த்தனன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் சொல்லப் பிடிக்காத பெரிய மனுஷர்களுக்கெல்லாம் இந்தத் துடைக்கிற வேலை ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும்.

மாம்பழக் கூழ் கம்பெனியின் திருப்பதி ஆபீஸ் அது. சித்தூர், புத்தலப்பட்டு ஃபேக்டரிகளின் சரக்கு, சம்பளம் எல்லாமே இங்கே சர்வர் ரூமில்தான். சார் அதற்கு மேனேஜர். எப்சிபா வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம். பர்மனென்ட் ஆவதும் ஆகாததும் ஹைதராபாத் ஹெட் ஆபீஸ் கேட்டிருந்த ஒரே ஒரு ரிப்போர்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த மெஷின் சும்மா ஓடுகிறது, எதை அணைக்கலாம்? இன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அவளுக்குத் தலை சுற்றியது. மானிட்டரில் எட்டு சர்வர் ஓடுகிறது. எட்டும் புதுசாக வாங்கிய ரெண்டே மெஷினுக்குள் ஓடுகிறது. ஒரே வீட்டில் நாலு குடித்தனம் வைக்கிற மாதிரி. டேட்டா மொத்தமும் பக்கத்து ஸ்டோரேஜ் பெட்டியில். சரி, இது படித்த படிப்பு, புரிகிறது.

எதிர் வரிசையில் பழைய மெஷின் எட்டும் பச்சை விளக்கோடு நிற்கிறதே, அது எதற்கு? ஒன்றுக்கும் நெட்வொர்க் வயர் கிடையாது. கரண்டு வயர் மட்டும்.

போதாக்குறைக்கு அட்டெண்டர் துலுக்காணம் மணிக்கொரு தரம் வந்து அந்த எட்டையும் உற்றுப் பார்த்து, 'ஒண்ணு பச்சை, ரெண்டு பச்சை' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போவார். மூணு வருஷமாக இதே கூத்தாம்!

பழைய மெஷின் பேரில் ரிப்பேர் பில் போட்டு சார் துன்றாரோ? நெற்றியில் நாமம் மட்டும் இத்தனை பெரிசு!

"சார், நான் கேட்டுக்கினே இருக்கேன்..."

"கதவச் சாத்தும்மா."

சாத்தினாள்.

"ஆறு மெஷினுக்கு மேல இருந்தாத்தான் சர்வர் ரூமுக்குன்னு தனி ஆளு. அது ஹைதராபாத் ரூலு. அந்த எட்டையும் தூக்கிட்டா துலுக்காணத்த வீட்டுக்கு அனுப்பணும். குடிபாலாவுல கூலிக்கார வீட்டுல பொறந்தவன். அம்பத்தாறு வயசுல எவன் வேலை குடுப்பான்?"

எப்சிபா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் வெறும் டப்பான்னு அவருக்குத் தெரியுமா சார்?"

"ஐயோ, மெல்லப் பேசு! தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டு நின்னுடுவான், ரோஷக்காரன். தெனம் அந்த நோட்ட வாங்கிப் பாத்து, 'மூணாவது மேல ஒரு கண்ணு வெச்சிக்கடா'ன்னு சொல்லிட்டு வரேன். நான் இருக்கிற வரைக்கும் அவன் வயித்துல அடிக்க மாட்டேன். அப்புறம் உன் இஷ்டம்மா. உன் வேலையும் இதுலதான் இருக்கு, எனக்குத் தெரியும்."

சே, இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்! வெட்கமாக இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? பொய் எழுதினால் தன் வேலைக்கு ஆபத்து. நிஜம் எழுதினால் இன்னொருத்தர் வேலைக்கு. 'கர்த்தாவே, எந்தப் பக்கம் போவேன்?' என்று குழம்பிக்கொண்டே சர்வர் ரூமுக்குள் போனாள்.

நேற்று ஆயுத பூஜை. ரூமில் இன்னும் கற்பூர வாசனை போகவில்லை. துலுக்காணம் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

பழைய மெஷின்களைப் பார்த்தாள். எட்டில் ஒன்றுக்குக்கூடப் பொட்டில்லை. புது மெஷின் ரெண்டைப் பார்த்தாள். முதலாவதில் வரிசையாக அஞ்சு சந்தனப் பொட்டு, குங்குமத்தோடு. ரெண்டாவதில் மூணு.

மானிட்டரைத் திரும்பிப் பார்த்தாள். முதல் மெஷினுக்குள் அஞ்சு சர்வர். அடுத்ததில் மூணு.

"துலுக்காணம்ணா, அந்த எட்டுக்கு ஏன் பொட்டு வெக்கல?"

"உசுரு இல்லாததுக்கு எதுக்கு மேடம் பொட்டு?"

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"இந்த டிவில எழுதிக்கினுதான கீது! முந்தாநேத்து நீங்க ஒண்ண அங்கேர்ந்து இங்க மாத்தினீங்களே, அதுக்கும் சேத்துத்தான் அஞ்சு வெச்சேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"புது மெஷின் வந்த மொத நாள்லேர்ந்து. முன்னல்லாம் இந்தப் பழசுங்க பின்னாடி கை வெச்சா அனல் அடிக்கும். அன்னியோட நின்னு போச்சு."

எப்சிபாவுக்கு இருந்த குழப்பமும் போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டது. "தெரிஞ்சும் எதுக்கு மணிக்கு மணி பச்சை, பச்சைன்னு எழுதறீங்க? சம்பளத்துக்காகவா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துலுக்காணம் கோபிக்கவில்லை. சிரித்தார்.

"ஊருல ஒண்ணரை ஏக்கரா வாங்கிட்டோம் மேடம். எம்பையன் சீனு அதுல ஒண்டியாளா மாரடிச்சிக்கினு, 'வா நைனா, வா நைனா'ன்னு தெனம் போன் போடறான்."

"போக வேண்டியதுதானே?"

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்சாரம் செத்துப் பூட்டப்புறம் சாரு சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. துலுக்காணத்துக்குச் சோறு போடறோம்ன்ற ஒரே நெனப்புலதான் அந்த மனுசன் காலைல எழுந்து வர்றாரு. மார்ச்சுல அவருக்கு ரிட்டயரு. அதுவரைக்கும் அணைக்கச் சொல்லாதீங்க மேடம், மறுநாளே எட்டுக்கும் நானே பிளக்கப் புடுங்கிட்டு ஊரு போய்ச் சேர்றேன்."