குறை சொல்லி விற்ற வண்டி

நெப்ராஸ்காவில் ஒரு சோளப் பண்ணை வீட்டு வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. அது விற்பனைக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்து, வேலி போடும் தொழில் செய்கிற டுவேன் வந்திருந்தான்.

"கம்பிச் சுருளும் மரக்கம்பமும் ஏத்தணும் ஐயா. தாங்குமா?"

"தாங்காது," என்றார் பண்ணைக்காரர் லாய்ட், வயலைப் பார்த்தபடியே. "பாரம் ஏத்தினா பின்பக்கம் உக்காந்துடும்."

"எஞ்சின்?"

"ஆயில் குடிக்கும். குளிர்ல சீக்கிரம் கிளம்பாது."

"கியர்?"

"அதுவும் சரியில்ல. டவுன்ல நல்ல வண்டி நிறைய இருக்கு தம்பி, போய்ப் பாரு."

டுவேன் சிரித்துவிட்டான். "மூணு வாரமா அலையறேன். எல்லாரும் தங்கமான வண்டின்னே சொன்னாங்க. உள்ளதைச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான். விலையும் எனக்குக் கட்டுப்படியாகும், ரிப்பேரை நானே பாத்துக்கறேன். உங்களை நம்பி வாங்கறேன்!"

லாய்ட் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி நோரீன் வண்டிக் காகிதங்களோடு வெளியே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

டுவேன் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. ஒரு முனகல்கூட இல்லாமல் சாலையில் ஏறி மறைந்தது.

"ஏங்க அத்தனை பொய்?" என்றாள் நோரீன். "நம்ம கர்ட்டிஸ் அதுல ஒரு குறையாவது விட்டு வச்சானா?"

லாய்ட் வண்டி போன சாலையையே பார்த்தார்.

"அவனை அடக்கம் பண்ணி ரெண்டு மாசமாச்சு. வாசல்ல அந்த வண்டியைப் பாக்கறப்பல்லாம் புள்ள வீட்டுக்கு வந்துட்டான்னே தோணுது. என்னால தாங்க முடியலைங்க, அதான் விளம்பரம் குடுத்தேன்."

"எனக்கும் அப்படித்தான் தோணும்," என்றார் லாய்ட். "அதனாலதான் விக்க வேணாம்னு நினைச்சேன்."