திறக்கக் கூடாத பெட்டி

"பெட்டியை நடுவுல திறந்து பாத்தா என்ன மேடம், குடியா முழுகிப் போயிரும்?" என்று கேட்டாள் முத்துமீனா.

தமிழ்ச்செல்வியின் கையிலிருந்த மார்க்கர் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே முகத்தையும் துடைத்துக்கொண்டாள். பாவி மகள், இன்றைக்குப் பார்த்தா இதைக் கேட்க வேண்டும்!

ஆரப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் அவள் ஃபங்ஷனல் புரோகிராமிங் வகுப்பு நடத்துகிறாள். தத்துவம் படித்துவிட்டு ஐடி வேலைக்குப் போனவள். அதனால் வகுப்பில் புரோகிராம் பாதி, சொல்லுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்கிற வழக்கு பாதி. வகுப்பு முடியும்வரை அவள் போனைத் தவிர எல்லோர் போனும் அணைந்திருக்க வேண்டும், அது சட்டம். இன்றைய பாடம் மோனாட், அதாவது மதிப்பை ஒரு பெட்டிக்குள் மூடி வைத்தபடியே வேலை வாங்குகிற வித்தை. மற்ற நாலு பெண்களையும் சாப்பாட்டு நேரத்தோடு அனுப்பிவிட்டு, மீனாவை மட்டும் "உன் புரோகிராம்ல ஒரு தப்பு இருக்கு" என்று பிடித்து வைத்திருந்தாள். தப்பு ஒன்றும் இல்லை.

மீனாவின் புருஷன் அருள்பாண்டிக்கு வடக்கே மலையில் சுரங்கப்பாதை தோண்டுகிற வேலை. மூன்று நாளைக்கு முன்பு மண் சரிந்து ஒன்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதில் அவனும் ஒருவன். வீட்டிலேயே மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மீனா தினமும் அலங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள்.

இன்று பதினொன்றரைக்கு மீனாவின் அண்ணன் முத்துப்பாண்டி தமிழ்ச்செல்விக்குப் போன் செய்திருந்தான்.

"மாப்ள செத்துப் போயிட்டாரு மேடம். இப்பத்தான் கம்பெனி ஆபீசுல இருந்து சொன்னாங்க. தங்கச்சி போன் ஆஃப்ல இருக்குதாம், அதான் எனக்கு அடிச்சிருக்காங்க. நான் திண்டுக்கல்லுல இருந்து கார் எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் அதுக்குத் தெரிய வேணாம். எப்பிடியாச்சும் ஒரு வாய் சாப்புட வச்சிருங்க. தெரிஞ்சா பச்சத் தண்ணிகூடத் தொடாது."

நல்ல அண்ணன்! சொந்தபந்தம் செய்ய வேண்டிய வேலையை அவள் தலையில் கட்டிவிட்டான். சோறு ஊட்டவா அவள் வகுப்பு நடத்துகிறாள்? ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லுங்க மேடம்," என்றாள் மீனா.

"கடைசியில திறந்துதான் ஆகணும் மீனா. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நடுவுல திறக்காம, பெட்டியோடயே அடுத்தடுத்த வேலைக்கு அனுப்பிக்கிட்டே இருக்கோம். உள்ள இருந்தா வேலை நடக்கும். இல்லேன்னா மிச்ச வேலையெல்லாம் சத்தமில்லாம விட்டுப் போயிரும். புரோகிராம் மட்டும் உடையாது."

"உள்ள ஒண்ணுமில்லாமலே கடைசி வரைக்கும் போகுமா?"

"போகும். மொதல்ல நீ வந்து சாப்புடு. ஆறிப் போச்சு."

தெருமுனை ஹோட்டலில் வாங்கிய சாம்பார் சாதத்தைப் பிரித்து வைத்தாள். மூன்று நாளாக டீயிலேயே காலத்தை ஓட்டியவள், இன்றைக்கு மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க மேடம். மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்கு," என்று வேறு சொன்னாள். ஏமாற்றிச் சோறு போடுகிறோமே என்று தமிழ்ச்செல்விக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மீனா கை கழுவிவிட்டு வந்து நோட்டைப் பிரித்தாள்.

"ஒரு பேருக்கு அர்த்தமே அந்தப் பேருக்குரிய ஆளுதான்னு சில பேரு சொல்றாங்கன்னு போன வாரம் சொன்னீங்கள்ல? அப்ப ஆளு இல்லாமப் போயிட்டா, பேருக்கும் அர்த்தம் இல்லையா மேடம்?"

"அதெப்படிடி இல்லாமப் போகும்?" தமிழ்ச்செல்விக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஒருத்தர் இல்லைன்னு சொல்றதுக்கே அவரு பேரு வேணும்ல? பேருக்கு அர்த்தம் போயிட்டா, யாரு இல்லைன்னு சொல்லுவ?"

மீனா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கையெழுத்து எப்போதும் போல அழகாக இருந்தது.

கீழே கார் வந்து நின்றது. முத்துப்பாண்டி படியேறி வந்து, தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றான். அதற்குமேல் தமிழ்ச்செல்வியால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் மீனாவைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிரு மீனா. அருள்பாண்டி நமக்கு இல்லடி. எனக்குப் பதினொன்றரைக்கே தெரியும். நீ சாப்புடணும்னுதான் மறைச்சு வச்சிருந்தேன்."

மீனா அழவில்லை. மெதுவாக அவள் கையை விலக்கிவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அத்தை சாப்புட்டுச்சாண்ணே?"

"அந்தக் கொடுமைய ஏன் கேக்குற!" முத்துப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "மகன் உசுரோட கெடச்சுட்டான்னு எந்தப் பாவி போய்ச் சொன்னானோ தெரியல. மூணு நாளாப் பட்டினி கெடந்த மனுசி, இன்னைக்குத்தான் வயிறாரத் தின்னுட்டுத் தூங்குதாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"நான்தாண்ணே சொன்னேன்," என்றாள் மீனா. "காலைல ஆறு மணிக்கே சுரங்கத்துல இருந்து கம்பெனிக்காரன் மொதல்ல எனக்குத்தான் அடிச்சான்."