அவுட், கெட்டை விட்டுப் பிரிந்த கதை

ஒரு ஹெட்மாஸ்டர் வாயில் கெட், அவுட் என்று இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் குடியிருந்தன. கெட் வினைச்சொல், ஆள் பெரிசு. அவுட் அதன் பின்னாலேயே போகிற சின்னச் சொல். இரண்டும் சேர்ந்து வெளியே வந்தால் எவனாவது ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் போய் நிற்பான்.

"எல்லாம் உன்னாலதான்டா," என்றது கெட். "தனியா நான் எவ்வளவு நல்லவன் தெரியுமா? நீ ஒட்டினதும் என் பேரே நாறிப்போச்சு."

"சரிண்ணே," என்றது அவுட். நிஜமாகவே தன்மேல்தான் தப்போ என்று அதற்குச் சந்தேகம். தன்னைக் கேட்டு ஒரு ஆளாவது சந்தோஷப்பட்டால் போதும் என்று வேறு துணை தேடி அலைந்தது. பாஸ் என்கிற வினைச்சொல் மட்டும், "வா, சேர்ந்து போகலாம்," என்றது.

ரிசல்ட் வந்த அன்று ஹெட்மாஸ்டர், "எல்லாரும் பாஸ் அவுட்!" என்றார். பசங்க விசில் அடித்தார்கள். அவுட் அழுதேவிட்டது.

ஒருத்தன் பெஞ்சு மேல் ஏறி ஆடினான். ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே கெட் பக்கத்தில் இருந்த லாஸ்ட்டை இழுத்துக்கொண்டு வெளியே குதித்தது. "கெட் லாஸ்ட்!" ஆடினவன் வாசலுக்கு ஓடினான்.

வாய்க்குள் திரும்பியதும் கெட், "ஏன்டா, வந்த அன்னிக்கே என் மானத்தை வாங்குற?" என்று லாஸ்ட்டிடம் கத்தியது. லாஸ்ட் தலையைக் குனிந்துகொண்டது.

அவுட் சிரித்த சிரிப்பில் ஹெட்மாஸ்டருக்கு விக்கல் எடுத்தது.