வெர்னா கொண்டுவந்த பாத்திரம்

கோழியும் சீஸும் போட்டு வேகவைத்த ஏதோ ஒன்று என்றுதான் ஆர்லீன் நினைத்தாள். மேலே மூடியிருந்த துண்டை விலக்கினால் உள்ளே கைத்துப்பாக்கி.

"முகத்தை ஏன் கண்ணு அப்படி வச்சுக்கறே? என் சமையலுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள் பக்கத்து வீட்டு வெர்னா.

ஆர்லீனின் கணவன் ராய்ஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் வழக்கம்போல வெர்னாவின் பெயர் ஒட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் சாவு, பிரசவம், காய்ச்சல் எதுவானாலும் அந்தப் பாத்திரம்தான் முதலில் போய் நிற்கும்.

போன வாரம் மூன்று மைல் தள்ளியிருக்கும் பண்ணை வீட்டில் இரண்டு பேர் கதவை உடைத்து நுழைந்து, கிழவரை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். கூப்பிட்டால் ஷெரீப்பின் போலீஸ் வண்டி வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். மேற்கு டெக்ஸஸில் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவரவர்தான் ஷெரீப்.

ராய்ஸுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். இன்று கிளம்பும் நாள். மூட்டை வண்டியில் ஏறிவிட்டது. மனைவி கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போவான். அதற்காகத்தான் வெர்னாவிடம் இரவல் கேட்டிருந்தான்.

ஆர்லீன் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். குறி பார்க்க மறந்துவிட்டது என்றாள். கல்யாணத்துக்கு முன் மான் அடித்தவள்தானே என்றான். நாய் வளர்க்கலாம் என்றாள். நாய் குரைக்கும், சுடுமா என்றான்.

அவனுடைய வேட்டைத் துப்பாக்கியைக்கூடப் போன குளிர்காலத்தில் அவள்தான் அவன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அலமாரியில் இடமில்லை என்று சொன்னாள். அலமாரியில் இடமிருந்தது.

"திருடன்தான் பாவம், வெர்னாக்கா" என்றான் ராய்ஸ். "ஏப்ரல்ல இந்த வாசப்படியிலேயே, வாலைக் கிலுகிலுன்னு ஆட்டிக்கிட்டு அவ்வளவு பெரிய பாம்பு. இவ வெறுங்காலோட நின்னு அதையே பாத்துக்கிட்டு இருக்கா! நான்தான் ஓடிவந்து இழுத்தேன். அப்படி ஒரு தைரியம்."

இந்தக் கதையை அவன் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்லும்போதெல்லாம் அவன் முகத்தில் பெருமை பொங்கும். ஆர்லீன் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

புதிதாக வாங்கிவந்த இரும்புப் பெட்டியில் துப்பாக்கியை வைத்து மூடி, பூட்டின் எண்களைத் திருப்பினான் ராய்ஸ்.

"உன் பொறந்த நாளையே வச்சிருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மறக்காது."

"வேற நம்பர் வை" என்றாள் ஆர்லீன். "எனக்குச் சொல்லாதே."

"சரியாப் போச்சு! திருடன் வந்தா, 'உக்காருங்க, வீட்டுக்காரர்கிட்ட நம்பர் கேட்டுட்டு வரேன்'னு காபி போட்டுக் கொடுப்பியா?"

வெர்னாவும் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பட்டப்பகலில் ஜன்னல் திரைகள் மூடிக் கிடந்தன. போன மாதம் வெர்னா கொடுத்துவிட்டுப் போன பூச்செடி, கட்டியிருந்த ரிப்பனோடு மூலையில் காய்ந்து கிடந்தது. ஆர்லீன் சர்ச்சுக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது என்று வெர்னா அப்போதுதான் யோசித்தாள்.

"அந்தப் பாம்பு... நீ ஏன் நகரலை, கண்ணு?"

ராய்ஸ் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். இப்போது சொல்லாவிட்டால் வண்டி கிளம்பிவிடும். அப்புறம் பெட்டியும் அவளும் மட்டும்தான். ஆர்லீனுக்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

"திருடனுக்கு நான் பயப்படலை, வெர்னாக்கா. நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது நான்தான்."



வெர்னா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஆர்லீனின் பிறந்த நாள் அவளுக்கும் தெரியும், வருஷா வருஷம் கேக் செய்து எடுத்துவருபவள் அவள்தான். துப்பாக்கியை வெளியே எடுத்துத் தன் பாத்திரத்தில் வைத்துத் துண்டால் மூடினாள்.

"டேய் ராய்ஸ், மூட்டையை இறக்கு."

ராய்ஸ் அசையவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.