இரண்டு தொண்ணூற்றிரண்டு

பிரசவ அறையில் செந்தாமரையின் வயிற்றோடு பட்டை போட்டுக் கட்டியிருந்த வட்டுக்குத் தலைக்கனம் அதிகம். உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பை அறை முழுக்க ஒலிபரப்புவது அதன் வேலை. அவள் விரலைக் கவ்வியிருந்த கிளிப்புக்கோ சத்தம் போடத் தெரியாது. தாயின் நாடியை எண்ணித் திரையின் ஓரத்தில் காட்டும், அவ்வளவுதான்.

வலி தாங்காமல் செந்தாமரை புரண்டு படுத்தாள். உடனே வட்டு அலறியது: "போச்சு! நூத்தி நாப்பதுல ஓடின புள்ள தொண்ணூத்தி ரெண்டுக்கு வந்துருச்சு!"

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். செந்தாமரையின் முகம் வெளிறியது.

கிளிப்புக்குத் திக்கென்றது. அதன் எண்ணும் தொண்ணூற்றிரண்டு. "அண்ணே, பட்டை நழுவிருச்சு. நீங்க கேக்குறது புள்ளைய இல்ல, அம்மாவ!"

"விரல் நுனியில தொங்குற நீ எனக்குச் சொல்றியா?" என்று வட்டு இன்னும் கத்தியது.

கிளிப் விரலை இறுகப் பற்றிக்கொண்டு எண்ணியது. வட்டு தொண்ணூற்றைந்து என்றால் கிளிப்பும் தொண்ணூற்றைந்து. வட்டு தொண்ணூறு என்றால் கிளிப்பும் தொண்ணூறு.

ஜெசிந்தா சிஸ்டரின் பார்வை திரையில் நின்றது. "டாக்டர், ஒரு நிமிஷம்! ரெண்டும் ஒண்ணாவே ஏறி இறங்குது. இது அம்மாவோட துடிப்பு!" பட்டையைத் தளர்த்தி வட்டைச் சற்றுக் கீழே நகர்த்தினார்.

டக்டக்டக்டக்! குதிரை ஓட்டம். நூற்று நாற்பத்தாறு! செந்தாமரை அழுதுகொண்டே சிரித்தாள்.

"நான்தான் கண்டுபிடிச்சேன், கேட்டீங்களா?" என்று வட்டு முழங்கியது.

கிளிப் கவ்வியிருந்த விரலுக்குள் ஒரு தாயின் சந்தோஷம் நூற்றுப் பத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. அதை எண்ணவே அதற்கு நேரம் போதவில்லை.