பலகையில் இருந்தவள்

சண்முகசுந்தரி மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். செத்து நாலு வருஷம் ஆகிவிட்டவள்.

ஈரத்துணியைக் கொடியில் போடத்தான் நிர்மலாதேவி அந்த ஷெட்டுக்குள் நுழைந்திருந்தாள். இலஞ்சியில் சாரல் பிடித்துக்கொண்டால் துணி காய வேறு இடம் ஏது? சுவரோரம் சாக்கு நழுவிக் கிடந்தது. அது மூடியிருந்த பலகையில், அரை இருட்டில் ஒரு பெண்ணின் முகம், நெற்றிச்சுட்டியும் கழுத்து நிறைய நகையுமாகக் கல்யாணக் கோலத்தில்.

நிர்மலா இடப்பக்கம் நகர்ந்தாள். முகமும் கூடவே திரும்பியது. வலப்பக்கம் ஒதுங்கினாள். அங்கேயும் வந்தது. துணியைப் போட்டது போட்டபடி வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

இசக்கிதுரைக்கு அவள் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூத்தவள் சண்முகசுந்தரியின் படங்களையெல்லாம் அவர் கல்யாணத்துக்கு முன்பே பரணில் ஏற்றிவிட்டார். அவள் கறுப்பா சிவப்பா என்றுகூட நிர்மலாவுக்குத் தெரியாது.

மூத்தவளின் மகள் முத்துசெல்வி காலேஜில் படிக்கிறாள். கெட்ட பிள்ளை என்று வாய்கூசாமல் சொல்ல முடியாது. ஆனால் நிர்மலாவைச் சித்தி என்றும் கூப்பிட்டதில்லை, அம்மா என்றும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பதோடு சரி.

அப்பாவை நச்சரித்து ஒரு சின்ன சிஎன்சி மெஷின் வாங்கி, அந்த ஷெட்டில் தானே பாகங்களை மாட்டி நிறுத்தியிருந்தாள். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் மெஷினே மரத்தைச் செதுக்கிவிடும். புதிதாகப் பழகுகிறவளுக்குத் தேக்கு எதற்கென்று, இசக்கிதுரை புளியறைப் பக்கம் போய் ரப்பர் மரப்பலகை வாங்கிக் கொடுத்தார். எந்த சாஃப்ட்வேர் நல்லது, செதுக்கும் முனைக்கு எந்த பிட் போடலாம் என்று தோழி ஷாரோனிடம் எந்நேரமும் போன்தான். அப்படி ஒரு பேச்சு நிர்மலாவின் காதிலும் விழுந்திருந்தது.

"அம்மா முகத்தத்தான் செதுக்கப் போறேன் ஷாரோன். நேரா பாத்த படம் கல்யாண ஆல்பத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

இப்போது அந்த அம்மாவே வந்து இறங்கிவிட்டாள். புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னால், "மரத்துக்கு ஏது நிர்மலா கண்ணு?" என்று சிரிக்கிறார். அடுக்களையில் நின்றாலும் முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது. நிர்மலா சேலைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

தென்காசிக்குப் போய் கூரியரில் வந்த பிட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய முத்துசெல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க கெளம்பிட்டிய?"

"வடகரைக்கு. எங்க அண்ணன் வீட்டுக்கு."

"அப்பாட்ட சொன்னியளா?"

"உங்க அம்மைக்கு நான் இங்கன இருக்கது பிடிக்கல முத்து. ஷெட்டுல எந்தப் பக்கம் போனாலும் என்னையே திரும்பித் திரும்பிப் பாக்கா."

முத்துசெல்வி அவள் கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்துப் போனாள். நிர்மலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் விரலைப் பிடித்துப் பலகையில் வைத்தாள் முத்துசெல்வி. மூக்கு இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது.

"சாஃப்ட்வேர்ல ஒரு டிக்க மாத்திப் போட்டுட்டேன். மேடா வர வேண்டிய முகம் குழியா வந்துட்டு. குழியா இருந்தா நாம எங்கன நின்னாலும் நம்ம பக்கமே திரும்புத மாதிரிதான் தெரியும். பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற பலகையில திரும்பப் போடப் போறேன்."

பயம் விட்டது. ஆனால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேய் என்றால் விபூதி போட்டாவது விரட்டலாம், பிள்ளை மனசில் இருக்கிறவளை என்ன செய்வது?

"திரும்பவும் அவளத்தான செதுக்கப் போற? தப்புன்னு சொல்லல, பெத்தவ. எனக்குத்தான் இங்க எடம் இல்ல. கைய விடு முத்து, பஸ்ஸு போயிரும்."

முத்துசெல்வி திகைத்துப் போனாள். பிடித்த கையை விடாமல், இன்னொரு கையால் பலகையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

"கண்ணத் தொறந்து நல்லாப் பாருங்கம்மா... அது நீங்கதான்."